சாயம் போகாத சுங்கடிக்கு அரோகரா

கடல் தாண்டி வந்த இந்தத் தீவில், தேர் ரூஜ் என்ற ஊரில் எங்கள் புடவைக் கடை திறந்தது என் பிடிவாதத்தால்தான். கோயிலில் மாலை வகுப்பெடுக்க ஊரிலிருந்து வரவழைக்கப்பட்ட தமிழ் வாத்தியார் என் கணவர். அவருக்கும் வியாபாரத்துக்கும் வெகு தூரம். ஆறு மாதம் ஈ ஓட்டிய பிறகு ஒருநாள் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தார்.

"இந்தா பாரு, தைப்பூசத்துக்குள்ள கடை சூடு பிடிக்கலைன்னா அடுத்த கப்பல்ல ஊருக்குப் போறோம். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

ஊருக்குப் போனால் எனக்கு என்ன காத்திருக்கிறது? ஓரகத்தியின் அடுப்படியில், கரண்டி எடுக்கவும் அவளிடம் கேட்க வேண்டிய வாழ்க்கை. நான் மாட்டேன். சென்னையில் அச்சகத்தில் வேலை பார்த்த என் தம்பிக்கு எழுதினேன். வழவழப்பான தாளில், நாலு பக்கமாக மடித்த நோட்டீஸ்கள் கப்பலில் வந்து இறங்கின. உள்ளே புடவைப் படங்கள், பக்கத்திலேயே வர்ணனை. அட்டையில், காலண்டருக்குச் செய்த அச்சை எடுத்து, மயில்மேல் முருகனை முழுசாகப் போட்டிருந்தான். அழகு அப்படியே அள்ளிக்கொண்டு போயிற்று.

தைப்பூசக் கொடியேற்றத்தன்று கோயில் வாசலில் நின்று நானே கொடுத்தேன். அப்போதுதான் விபூதி வாங்கிக்கொண்டு வந்தவர்கள், ஒருவர் பாக்கியில்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தர்கூடக் கசக்கிப் போடவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடேயப்பா, விளம்பரத்துக்கு இங்கே இவ்வளவு மரியாதையா! வீட்டுக்கு வந்து அவரிடம் ஒரு பாட்டம் பெருமையடித்தேன்.

மறுநாள் கடைக்கு யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவர் பெட்டியை எடுத்துத் துடைத்தார். வாயைத் திறந்து ஏசியிருந்தாலாவது தேவலை.

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்க் கேட்டுவிடுவது என்று லாங் மவுண்டன் கிராமத்துக்கு பஸ் ஏறினேன். எங்கள் கோயிலில் என்னோடு உட்கார்ந்து பாடுகிற பெண் ஒருத்தி அங்கே குடியிருந்தாள். வீட்டில் தீவுப் பாஷையான கிரியோல்தான் பேசுவாள், ஆனால் பதிகங்களைக் கணீரென்று பாடுவாள். தமிழ் எழுத்து தெரியாது. பாட்டையெல்லாம் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வாள்.

வனிலா வாசம் அடிக்கும் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, சாமி கும்பிட உள்ளே கூப்பிட்டாள். போனேன். ஐயோ முருகா! சாமி படங்களுக்கு நடுவில் என் நோட்டீஸ். அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ. முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சாமி காயிதம், அக்கா. தமிள் எளுத்து. எங்க சொந்தக்காரங்க எல்லார் வீட்லயும் வச்சிருக்காங்க," என்றாள். பிறகு கூச்சத்தோடு, "கி லி தீர், அக்கா? என்ன சொல்லுது? படிங்களேன்."

அதற்குள் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த அவள் புருஷன் கைகால் கழுவிக்கொண்டு, கைகூப்பி அவள் பக்கத்தில் நின்றுவிட்டார். நான் என்ன செய்வேன்? பூவை ஓரமாக வைத்துவிட்டுப் பிரித்தேன்.

"மதுரைச் சுங்கடி. சாயம் போகாது."

"அரோகரா!" என்றார் அந்த மனிதர், கண்ணை மூடியபடியே.

அவ்வளவுதான், எனக்குச் சிரிப்புப் பீறிட்டது. அடக்க அடக்க வந்தது. பாதிச் சிரிப்பில் அதுவே அழுகையாகிவிட்டது. கடையைப் பற்றி, பெட்டியைப் பற்றி, கப்பலைப் பற்றி, எனக்குத் தெரிந்த ஓட்டைக் கிரியோலில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "ஆயோ, சாமி புடவை விக்குதா!" என் ஓட்டைக் கிரியோல் பிடிபடாத புருஷனுக்கு நல்ல கிரியோலில் சொன்னாள். அவரும் சிரித்தார், ஆனால் கூப்பிய கையை இறக்கவில்லை.

"அப்ப அதை எடுத்துடு, அம்மா," என்றேன்.

"எடுக்கிறதா? முருகன் இருக்கார், தமிள் இருக்கு. இருக்கட்டும், அக்கா. நீங்களும் இருங்க."

நோட்டீஸை மடித்து வைத்து, பூவை நானே மறுபடி அதன்மேல் வைத்தேன்.

சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து பெண்கள் கூட்டமாக இறங்கினார்கள். அவளே முன்னால் வந்தாள். ஆளுக்கொரு நோட்டீஸ், எல்லாவற்றிலும் குங்குமம். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, "இது, அக்கா," என்று படத்தைக் காட்டிக் கேட்டார்கள். சில படங்களில் சந்தனம் உள்பக்கம் வரை வழிந்து அப்பி, புடவை எது, கரை எது என்றே தெரியவில்லை. இங்கே காவடி எடுக்கும்போது கட்டும் ரோஜா நிறப் புடவை மதியத்துக்குள் தீர்ந்தது. அடுக்க இடமில்லாமல் என் கணவர் தகரப் பெட்டியையே இழுத்துப் போட்டு, அதன்மேல் புடவைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது.

கடை சாத்திய பிறகு, மிஞ்சிய நோட்டீஸ் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன் தம்பிக்கு எழுது. அடுத்த வருஷம் பிள்ளையார் படம் போட முடியுமான்னு கேளு."

என்னமோ பிள்ளையாராம். அடுத்த வருஷம் என்றாரே! நான் உள்ளே ஓடிப்போய், அன்றைக்கு இரண்டாம் தடவையாக விளக்கேற்றினேன்.