மஞ்சள் தங்காத வேட்டி

"எங்க கடை வேட்டி மேல சாம்பார் என்ன, சனியனே வந்து விழுந்தாலும் வழுக்கிக்கிட்டுப் போயிரும்!"

தியாகராய நகர் துணிக்கடை முதலாளி மாணிக்கவாசகம் மைக்கைப் பிடித்து இப்படி முழங்கியது ஆடித் தள்ளுபடியின் முதல் ஞாயிறு அன்று. கடை வாசலில் மேடை. மேடையில் ஒரு பொம்மை. பொம்மையின் இடுப்பில் 'நானோ வேட்டி'. ஒரு வாளிச் சாம்பாரைத் தம் கையாலேயே எடுத்து அதன் மேல் ஊற்றினார். சாம்பார் முத்து முத்தாக உருண்டு மேடையில் விழுந்தது. வேட்டியோ, விசாரணைக் கமிஷனிலிருந்து வெளியே வந்த பிரமுகரைப் போலக் கறையின்றி நின்றது.

கூட்டம் கைதட்டியது. தட்டாத கைகள் இரண்டே. அவை எதிர்க்கடை நல்லசிவத்துடையவை. நல்லசிவம், மாணிக்கவாசகத்தின் மனைவி பேச்சியம்மாளின் உடன்பிறந்த தம்பி. அக்காள் புருஷன் கடைக்கு நேர் எதிரே கடை போட்டு, அவர் பத்து சதவீதம் தள்ளினால் தாம் பன்னிரண்டு தள்ளி, உறவைக் கட்டிக் காத்து வருபவர்.

"அத்தான், சனியன் நிக்காதுன்னா, அந்த வேட்டியை நீங்க எப்படிக் கட்டுவிய?" என்றார் நடுத்தெருவிலிருந்து.

"மாப்ள, வயித்தெரிச்சலும் ஒட்டாத வேட்டி இது" என்றார் மாணிக்கவாசகம். மைக் அணைக்கப்படவில்லை. பனகல் பார்க் வரை கேட்டது.

கண்டுபிடிப்பாளர்களின் வாழ்வில் ஒரு பொறி விழும் கணம் உண்டு என்பார்கள். மாணிக்கவாசகத்தின் வாழ்வில் விழுந்தது காபி. சில மாதங்களுக்கு முன் நந்தம்பாக்கத்துக் கண்காட்சி ஒன்றில் யாரோ இடித்ததில் கையிலிருந்த காபி பாதி அவர் சட்டையிலும் பாதி எதிரே விரித்திருந்த மாதிரித் துணியிலும் கொட்டியது. சட்டை பாழானது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. துணிக்குரியவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய மாணிக்கவாசகம் விலை கேட்டார்.

அவர் பெயர் மதுமதி. வேதியியலில் முனைவர். சிந்தாதிரிப்பேட்டையில் ஓர் அச்சகத்துக்கு மேல் மாடியில் சின்னப் பட்டறை வைத்திருந்தார். மாணிக்கவாசகம் அங்கே போய், முகவாயைத் தடவிக்கொண்டு, விஞ்ஞானத்தை மேற்பார்வையிட்டார். குடுவையில் ஆல்கஹாலும் தண்ணீரும் கொஞ்சம் அம்மோனியாவும் சுழன்றுகொண்டிருந்தன. அதில் ஒரு சிலிக்கான் திரவத்தை மதுமதி சொட்டுச் சொட்டாக விட்டார். கண்ணாடி போலிருந்த நீர் மெல்ல மெல்ல நீர்மோராக வெளுத்தது.

"அவ்வளவுதான் சார். மணலும் இதுவும் ஒரே சரக்குதான். ஆனா ஒவ்வொரு மணியும் அவ்வளவு சின்னது. ஒரு தலைமுடியோட தடிமன்ல ஆயிரம் மணியை வரிசையா நிறுத்தலாம்."

மாணிக்கவாசகம் தம் தலையைத் தடவிப் பார்த்தார். உவமைக்கு வேண்டிய பொருள் அங்கே இருப்பில் இல்லை.

அந்த நீரில் துணியை நனைத்து, உலர்த்தி, மேலே இன்னொரு மெல்லிய பூச்சுக் கொடுத்தால், நூலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமாகிவிடும். நீர்த்துளி மேடுகளின் உச்சியில் மட்டும் நிற்கும், அடியில் காற்று. உட்கார இடமில்லாமல் உருண்டு ஓடும்.

"தாமரை இலை மாதிரின்னு சொல்லுங்க."

"அதேதான் சார். ஆனா இது தண்ணிக்குத்தான். எண்ணெய் ஒட்டும். எண்ணெயும் ஒட்டாம இருக்க வேற பூச்சு இருக்கு. அந்த ரசாயனம் உடம்புக்கு ஆகாது, மண்ணுலயும் மக்காது. அதை நான் தொட மாட்டேன்."

"அப்ப சாம்பார்?"

"தாளிச்ச சாம்பாரா சார்?"

மாணிக்கவாசகம் ஒரு கணம் யோசித்தார். தாளிக்காத சாம்பார் என்பதை அந்தக் கணத்தில் கண்டுபிடித்தார். நானோ விஞ்ஞானத்துக்கு அவருடைய சொந்தப் பங்களிப்பு இது ஒன்றே.

சமைத்துத் தந்தவர் மந்தைவெளிச் சமையல்காரர் கபாலி. "இன்னா நைனா, எண்ணெ இல்லாம சாம்பாரா? இது ஆஸ்பத்திரிப் பருப்புத் தண்ணி. என் பேரு கெட்டுப் பூடும்."

"திங்கதுக்கு இல்லப்பா. ஊத்துறதுக்கு."

"ஊத்தவா? அப்ப கரீட்டு."

மேடை விழாவின் வீடியோவைப் பார்த்துவிட்டு மதுமதி போன் செய்தார். "விளம்பரத்துல தண்ணீர்னு மட்டும் போடுங்க சார். சாம்பார் வேண்டாம்."

"டாக்டரம்மா, நீங்க பொடி பண்ணுங்க. நான் பேச்சுப் பண்ணிக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.

வேட்டி விற்றது. வாங்கியவர்கள் தீபாவளிக்குக் கட்டலாம் என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அதனால் ஆவணி வரை எந்தப் புகாரும் வரவில்லை. ஆவணியில் மகள் ஸ்வர்ணலதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஸ்ரீஹரி, அடையாறில் கம்ப்யூட்டர் வேலை. மாணிக்கவாசகத்துக்கு ஒரே ஆசை: மாப்பிள்ளை நானோ வேட்டியோடு மணையில் உட்கார வேண்டும், தியாகராய நகர் வியாபாரிகள் அத்தனை பேரும் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். குறிப்பாக ஒரு வியாபாரி பார்க்க வேண்டும். தாய்மாமன் என்ற முறையில் அந்த ஒருவரைக் கூப்பிடாமலும் இருக்க முடியாது. நல்லசிவம் மயிலாப்பூர் மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பை. பையில் அவர் கடைப் பெயர் முழங்கை நீளத்துக்கு அச்சாகியிருந்தது.

முகூர்த்த வேட்டி தாம்பாளத்தில் வந்தது. பேச்சியம்மாள் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்திருந்த மஞ்சளை விரலில் தொட்டு வேட்டியின் முனையில் வைத்தாள். மஞ்சள் ஒரு கணம் உருண்டையாக நின்றது. பிறகு மரியாதையாக உருண்டு வெற்றிலை மேல் விழுந்தது.

"ஏங்க, நிக்க மாட்டேங்குது."

"இன்னொருக்கா வை."

வைத்தாள். உருண்டது. மறுமுனையில் வைத்தாள். அங்கேயும் உருண்டது. மழை, காபி, காக்கை எச்சம் என்று அனைத்துக்கும் விடை வைத்திருந்த மாணிக்கவாசகம், இந்த ஊரில் எந்தப் புதுத்துணியையும் முதலில் ஒரு கறை வைத்துவிட்டுத்தான் கட்டுவார்கள் என்பதை மட்டும் மறந்திருந்தார். பிறந்ததிலிருந்து துணி விற்பவர்!

மாப்பிள்ளையின் தாயார் சண்முகவடிவு எழுந்தார். "என்ன சம்பந்தி இது? மஞ்ச ஏத்துக்கிடாத துணியையா எம் மவன் கட்டணும்? மங்கலமே நழுவிக்கிட்டுப் போகுதே!"

"அது விஞ்ஞானம்மா."

"விஞ்ஞானத்தை நீங்க கட்டிக்கிடுங்க. எம் மவனுக்கு வேட்டி குடுங்க."

முன்வரிசையில் பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. "அத்தான், எங்கிட்ட ஒண்ணு கெடக்கு" என்றார் நல்லசிவம். "பழைய மாடல்தான். சாம்பார் ஒட்டும், மஞ்சளும் ஒட்டும். பயப்படாதிய, காசு வேண்டாம்."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். தாம் விற்ற வேட்டிகளெல்லாம் தீபாவளியன்று பீரோவிலிருந்து வெளியே வரும் காட்சி மாணிக்கவாசகத்தின் கண்ணில் ஓடியது. ஆனால் இப்போதைக்கு மகள் கல்யாணத்தில், மணையில், நல்லசிவத்தின் வேட்டி உட்காரக் கூடாது. அது ஒன்றுதான் முக்கியம்.

"சாமி கிட்ட வச்சு எடுத்துட்டு வாரேன்" என்று தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு நடந்தார். சாமி படம் வலப்பக்கம் இருந்தது. அவர் இடப்பக்கம் திரும்பிச் சமையற்கட்டுக்குள் நுழைந்தார்.

கபாலி கடுகை வெடிக்க விட்டுக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, இங்க வந்துகினுகீறே? இன்னிக்காவது தாளிக்கலாமா?"

"வாயை மூடிக்கிட்டு ஒரு கரண்டி நல்லெண்ணெய் குடு."

அதில் மஞ்சள் பொடியைக் குழைத்தார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் கட்டைவிரலால் வேட்டி முனையில் வைத்தார். மஞ்சள் உருளவில்லை. உட்கார்ந்தது, ஊறியது, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பரவியது. தேய்த்துப் பார்த்தார். போகவில்லை.

"கெட்டியா புட்ச்சிக்கிச்சு நைனா" என்றார் கபாலி, உண்மையான மகிழ்ச்சியோடு.

மண்டபத்தில் சண்முகவடிவு கறையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி கிட்ட வச்சதும் ஏத்துக்கிடுச்சு பாத்தியளா!" நல்லசிவம் குனிந்து அந்த முனையைத் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். நல்லெண்ணெய் மணத்தது. பையின் ஜிப்பை மூடினார்.

தாலி ஏறியது. பந்தி விரிந்தது. முதல் இலையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்தார்கள். பரிமாற வந்தவனிடமிருந்து வாளியை நல்லசிவம் வாங்கிக்கொண்டார். கபாலி இழந்த பெயரை மீட்கும் வெறியோடு தாளித்திருந்த சாம்பார். மேலே எண்ணெய் விரல்கனத்துக்கு மினுங்கியது.

"தாய்மாமன் கையால மாப்பிள்ளைக்கு ஒரு கரண்டி" என்று கரண்டியை உயர்த்தினார். "கொஞ்சம் சிந்துனாத்தான் என்ன? அத்தான் வேட்டியாச்சே!"

வியாபாரிகள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். வரிசையாகச் செல்போன்கள் உயர்ந்தன. சாம்பார் முத்து முத்தாக உருளும் காட்சிக்கு எல்லோரும் காத்திருந்தார்கள்.

மாணிக்கவாசகம் பாய்ந்து வந்தார். தம் தோளில் கிடந்த புதுப் பட்டுத் துண்டை எடுத்து, மாப்பிள்ளையின் மடியில் அகலமாக விரித்து, இரண்டு ஓரத்தையும் தொடைக்கடியில் பத்திரமாகச் செருகினார்.