கட்டிக்கொடுத்த அத்தைகள்

வெள்ளக்கடைக்கு மேலே ஒரு காபி எஸ்டேட்டில் செடிகளின் கிளை கழிக்கிற கவாத்து வேலைக்குப் போகிறவள் சசிரேகா. நாற்பதைத் தொடுமுன்பே மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து, சேலத்தில் ஆபரேஷன் ஆயிற்று. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று அங்கே கேட்டபோது இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணைக் குடும்பத்தோடு சேர்த்து எண்ணும் வழக்கம் நமக்குக் கிடையாது. தாலி ஏறியதும் அவள் வேறு வீட்டுக்காரி. சீர் சடங்கு என்றால் மட்டும் கூப்பிட்டுக்கொள்வோம்.

இரண்டு வருஷம் கழித்து மறுபக்கமும் கட்டி. இந்தத் தடவை டாக்டர் ஹேமலதா கேள்வியை மாற்றிப்போட்டார். வயசுக்கு வந்தபோது உனக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டார். அப்பாவின் அக்காவும் தங்கையும் என்றாள் சசிரேகா. பெரியவள் மார்புக் கட்டியிலும் சின்னவள் சினைப்பைக் கட்டியிலும் செத்துப்போனதைச் சாவகாசமாகச் சொன்னாள். கேட்டால்தானே சொல்வாள்.

ரத்தத்தைச் சோதித்தார்கள். செல்கள் கண்டபடி பெருகாமல் அடக்கி வைக்கிற ஜீன் ஒன்று, பி.ஆர்.சி.ஏ-1 என்று பெயர், அவளுக்குப் பழுது. அப்பா வழியில் வந்தது. ஆண்களிடம் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருந்துவிட்டு மகளுக்கு இறங்கக்கூடியது. பழுது தெரிந்ததும் வைத்தியமும் மாறியது. அங்கேயும் வரக்கூடும் என்று சினைப்பையை எடுத்தார்கள், அந்தப் பழுதுக்கென்றே உள்ள மாத்திரையைக் கொடுத்தார்கள்.

அவளுக்குப் பயமெல்லாம் அண்ணன் மகள் தீபிகாவை நினைத்துத்தான். காலேஜ் முடித்த பெண், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறந்த வீட்டுக்குப் போய் அண்ணன் சத்யராஜிடம், நீங்களும் பிள்ளையும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள், முன்னாலேயே தெரிந்தால் காப்பாற்றிவிடலாம் என்றாள். விஷயம் வெளியே போனால் எவன் பெண் எடுப்பான் என்று அவருக்குக் கவலை. பயம் வந்தால் அவருக்கு வாய் நீளும்.

"அது உங்க ஊட்டுச் சீக்கு அம்மிணி. எங்க ஊட்டுக்குள்ள கொண்டாராத."



"எனக்கும் அதே அப்பாதானுங்க அண்ணா," என்றாள் சசிரேகா.

தீபிகா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை சசிரேகா சேலம் பஸ் ஏறியபோது தீபிகாவும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை என்றாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க உட்கார்ந்த தீபிகாவிடம் நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று.

"எங்க ஊட்டுல மூணு பேருக்குங்க," என்றாள் தீபிகா.