கத்தி வேண்டாம் என்றதற்கு ஒரு முட்டை

வலியில் அழுதவள் அம்மா. கூடப் போய்ச் சிரித்தவள் அத்தை. நாங்கள் பயந்ததெல்லாம் அம்மாவுக்காகத்தான்.

தம்பி பிறந்த கொஞ்ச நாளில் அம்மாவுக்குப் பால் கட்டி, ஒரு பக்க மார்பு கல்லாய் வீங்கிவிட்டது. காய்ச்சலில் பிதற்றினாள். அப்பா வில்வண்டியைப் பூட்டினார். துணைக்கு ஏறியவள் அப்பாவின் தங்கை. கணவன் போனபின் எங்களோடிருந்து, மிஷன் பங்களாவுக்கு ரேந்தை என்னும் லேஸைத் தலையணைமேல் வைத்துப் பின்னிக் கொடுத்துவந்தவள். "கத்தின்னு கேட்டாலே மைனிக்குப் பாதி நோவு போயிரும்" என்று வழி நெடுக அம்மாவைக் கேலி. எனக்குச் சிரிப்பே வரவில்லை. கத்தியைவிடப் பெரிய ஆபத்து உலகத்தில் இல்லை என்று நம்பியிருந்த வயது.

மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா உடனே கீறிச் சீழை எடுத்துவிட்டாள். அம்மா போட்ட கூச்சலில் வண்டிமாடே மிரண்டது. இனி பயமில்லை, ஆறிவிடும் என்றாள் டாக்டரம்மா. அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள்.

"எனக்கும் ஒண்ணு கெடக்கும்மா. நோவு கீவு கெடையாது. ரேந்தைத் தலவாணி நெஞ்சுல அமுக்கி வந்தது. தலவாணிய அந்தாண்ட மாத்தி வச்சும் பாத்தேன், போவல்ல."

திரைக்குள் கூட்டிப்போன டாக்டரம்மா வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. அப்பாவைத் தனியே கூப்பிட்டாள். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

"இது புத்துநோய். இந்தத் தீனத்துக்கு மூணு படி உண்டு. கட்டி மட்டும் இருந்து, தொட்டா நகந்தா, முதல் படி. அக்குள்ல நெறி கட்டினா ரெண்டு. தோலைப் பிடிச்சு, நெஞ்சோட ஒட்டிக்கிட்டா மூணு. எந்தப் படின்னு பாத்தா இன்னும் எவ்வளவு காலம்னு ஏறக்குறையத் தெரியும். முதல் படியில அறுத்தவங்க பேரப்பிள்ளையக் கொண்டுவந்து என்கிட்டக் காட்டியிருக்காங்க. இவங்க மூணாம் படி. இனி கத்தி வைக்கக்கூடாது."

"தங்கச்சி நோவே இல்லன்னாளே, டாக்டரம்மா…"

"நோவு இருந்திருந்தா முன்னாலயே வந்திருப்பாங்க."

அப்பா மண்ணென்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அத்தையிடம் மட்டும், "சும்மா கட்டிதான், களிம்பு தந்திருக்கா" என்றார்.

அவ்வளவு பேச்சிலும் என் காதில் தங்கியது ஒன்றுதான்: அத்தைக்குக் கத்தி இல்லை!

எங்கள் சபையில் நல்லது நடந்தால் ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பார்கள். வாழைக்குலையோ சேவலோ, இன்னதற்காக என்று உபதேசியார் சொல்லி, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார். அந்த ஞாயிறு என் கோழியின் முதல் முட்டையை நீட்டி, உரக்கவே சொன்னேன்: "அத்தைக்குக் கத்தி வைக்கக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியாச்சு!"

பெண்கள் பக்கமிருந்து "கர்த்தாவே, கைவிட்டாச்சா!" என்றது ஒரு கிழவியின் குரல். அத்தை திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையே நிமிரவில்லை.

முட்டை ஏலத்துக்கு வந்தது. ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசியில் அத்தையே எழுந்தாள். "எனக்க காணிக்கைதான, நானே எடுக்கேன்" என்று வாங்கி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடுவரை நடந்தாள்.

எனக்கோ ஊர்மேல் அடங்காத கோபம். அத்தனை நல்ல முட்டையை ஏன் ஒருத்தருமே கேட்கவில்லை?