சேற்றில் நின்று பாடிய கோ, வென்ட், கான்

எஸ்.எஸ்.எல்.சி.யில் எல்லாப் பாடத்திலும் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் கோட்டை விட்டேன். எல்லாம் இந்த இறந்தகாலத்தால் வந்த வினை. வாக், வாக்டு என்று வாலில் ஒரு 'டு' ஒட்டிக்கொண்டு ஒழுங்காக வருகிற சொற்களோடு எனக்குச் சண்டையே இல்லை. கோ, வென்ட் வகையறாக்கள்தான் கழுத்தை அறுத்தன.

"செப்டம்பர்ல திரும்ப எழுது. அப்பவும் போச்சுன்னா ஊத்துக்கோட்டை மாமனுக்குக் கட்டி வெச்சிடுவேன்" என்று நைனா முடிவாகச் சொல்லிவிட்டார். மாமன் தங்கமானவர்தான். ஆனால் நான் டீச்சராக வேண்டுமே! விடுவேனா?

திருவாலங்காட்டில் அப்போது நடவு நேரம். அம்மாவோடு நானும் வயலில் இறங்கியாக வேண்டும். கையில் நாற்று இருக்கும்போது புத்தகத்தை எங்கே பிடிப்பது? வினைச்சொற்களை நடவுப் பாட்டு மெட்டில் போட்டுவிட்டேன்.

"இன்னாடி இது, வெள்ளைக்காரன் செத்ததுக்கு ஒப்பாரியா?" என்று கூட நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி சிரித்தாள்.

"பாடிக்கினே நாத்து நடுங்கடி. வேலையும் ஆவும், பொண்ணும் பாஸாவும்" என்று அம்மா அதட்டினாள்.

முதலில் எல்லாவற்றையும் நானே பாடிக் காட்டினேன். மெட்டு பிடிபட்டதும் எங்கள் வழக்கப்படி நடந்தது. ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் முடிப்பார்கள். நான் "ஈட்" என்பேன், "ஏட், ஈட்டன்" என்று வயலே பதில் சொல்லும். எழுத்து வாசனையே இல்லாத அம்மாவின் கட்டைக்குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்கும். எனக்கோ தலைகால் புரியாத தெம்பு.

திருவள்ளூரில் பரீட்சை. இறந்தகாலத்துக்கு மாற்றுக என்ற கேள்வியில் முதல் சொல் 'பிரிங்'. பேனா நகரவில்லை. அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் நான் அடியெடுத்துக் கொடுத்ததோடு சரி, விடையெல்லாம் அவர்கள் வாயில்தான் இருந்தது. அடிப்பாவி, மோசம் போனாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மாமன் வீட்டு வாசற்படி கண்ணுக்குத் தெரிந்தது.

சரி, பாடித்தான் பார்ப்போமே என்று கண்ணை மூடி மனசுக்குள் "பிரிங்" என்றேன்.

"பிராட்டூ..." என்று அம்மா இழுத்தாள். எழுதினேன். "கேட்ச்" என்றேன். "காட்டூ..." என்றார்கள். அதற்குப் பிறகு எங்கேயும் நிற்கவில்லை.

"ஏம்மா, தலைய ஆட்டாம எழுது" என்று கண்காணிக்க வந்தவர் அதட்டினார். ஆட்டாமல் பாட எனக்கு வராது. மேசைக்கு அடியில் கால் கட்டைவிரலால் தாளம் போட்டு முடித்தேன்.

முடிவு வந்த அன்று நைனா ஸ்டேஷனில் பேப்பர் வாங்கி, என் நம்பரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "மாமனுக்கு வேற பொண்ணு பாக்கச் சொல்றேன்" என்றார். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

ஓட்டமாக வயலுக்குப் போனேன். களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பரீட்சையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"இன்னாது, என் கொரலா கேட்டுச்சு?"

"ஆமாம்மா."

இடுப்பை நிமிர்த்தி, மற்றவர்கள் பக்கம் திரும்பி, அம்மா கத்தினாள்: "ஏய், நாமளும் பாஸாயிட்டோம்டி!"