ஆற்றோரப் பங்களாவுக்குப் போன நாள்

என் வீட்டுக்காரரும் நானும் ஒன்றாக வெளியே போனது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஜப்பான்காரன் காலத்தில், அவரைச் சயாமுக்கு அனுப்பாமல் காப்பாற்றிக்கொள்ளப் போன பயணம்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலாய் நாட்டில் மெர்போக் பக்கம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் பட்டியலில் அவர் பெயரும் வந்துவிட்டது. அவருக்கோ நாள் விட்டு நாள் குளிர்காய்ச்சல். சாக்கைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிற ஆளை மண் வெட்ட அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிதான் வழி சொன்னார். ஆற்றோரப் பெரிய பங்களாவில் வெள்ளிக்கிழமை காலையில் ஜப்பான் டாக்டர் பார்ப்பாராம். வேலைக்கு ஆகாத உடம்பு என்று அவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் பெயரை அடித்துவிடுவார்களாம். மதியத்துக்குள் போய்விடுங்கள் என்றார்.

ரோட்டில் போனால் வழியிலேயே லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்று பயம். மீன் பிடிக்கும் ஒரு மலாய்க்காரர் தம் சம்பான் படகில் கூட்டிப்போகச் சம்மதித்தார். கிழியாமல் இருந்தது கூறைப்புடவை ஒன்றுதான், அதைக் கட்டிக்கொண்டேன். டாக்டர் உன்னைப் பெண் பார்க்கவா வருகிறார் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். மடியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு மூட்டை. இரண்டு கரையிலும் அலையாத்தி மரங்கள், தண்ணீர் தேநீர் நிறத்தில். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அன்று காலை எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பங்களாவைப் பற்றி நாங்கள் குடியிருந்த லயத்தில் பேசாத ஆள் கிடையாது. இந்தப் பக்கம் எல்லாம் காடாக இருந்தபோது முதல் வெள்ளைக்காரத் துரை கட்டியது. ஓடுகள் கப்பலில் வந்தனவாம். மரம் சுமந்தவர்களில் என் வீட்டுக்காரரின் தாத்தாவும் ஒருவர். சின்ன வயதிலிருந்தே அதைப் பார்க்க அவருக்கு ஆசை.

படகுத்துறையிலிருந்து ஏறிய பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று முன்படிக்கு, இன்னொன்று பின்னால் சமையல் நடக்கும் குசினிப் பக்கம். நாங்கள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. துரையிடம் காரியம் என்றால் குசினிப் பக்கம் போய், தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து ஆள் வந்து கூப்பிடும்வரை நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். போய் நின்றோம். அவருக்கு அன்று காய்ச்சல்கூட இல்லை. அண்ணாந்து பார்த்து ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தார். சமையல்கார அம்மா இரண்டு மூன்று தடவை வந்து தண்ணீர் எடுத்துப் போனார். கூப்பிடும்போது கூப்பிடட்டும் என்று நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது அந்த அம்மா எங்களிடம் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். சொன்னேன்.

"கிழங்கு விக்க வந்தவங்கன்னுல்ல நெனச்சேன்! டாக்டரையா பாக்கணும்? முன்னாடிதாம்மா காலையிலேருந்து பாக்குறாங்க. ஓடுங்க."

ஓடினோம். முன்வராந்தாவில் ஒரு மேசை, காலி நாற்காலி, கை கழுவிய தண்ணீர். தமிழ்க் குமாஸ்தா ஒருவர் காகிதங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். டாக்டரின் கார் இப்போதுதான் போனது என்றார். என் வீட்டுக்காரர் கீழேயே நின்றுவிட்டார். நான்தான் படியேறிப் போய், காலையிலிருந்து இங்கேதான் நிற்கிறோம் என்று அழுதேன்.

"எங்கம்மா நின்னீங்க? மெர்போக் ஆளுங்க இருக்கீங்களான்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன்லா."

வந்தவர்கள் எல்லோருக்குமே சீட்டுக் கிடைத்ததாம். அடுத்த வெள்ளிக்கிழமை கிடையாது என்றும் சொன்னார்.

திரும்பும்போது சம்பானில் நான் தலை நிமிரவில்லை. அவர்தான் கிழங்கைப் பிட்டுப் பாதியை என் கையில் வைத்தார்.

"போவட்டும் புள்ள. பங்களாவப் பாத்துட்டோம்லா."

அடுத்த வாரம் சுங்கை பட்டாணி ஸ்டேஷனில் அவரை ரயிலேற்றினார்கள். அவர் திரும்பி வரவில்லை. ஜப்பான்காரனை நான் திட்டாத நாளில்லை. ஆனால் அன்றைக்கு முன்படியில் எங்களை மறிக்க ஓர் ஆள்கூட இல்லை. பின்னால் போ என்று எங்களிடம் யாரும் சொல்லவே இல்லை.