முழுப் பெயர் ஒரு தரம்

"குட் மார்னிங், மிஸ்டர் கோமதிநாயகம்" என்று சொல்லிக்கொண்டே குடையை ஆணியில் மாட்டுகிறார் மிஸ் கல்பகவல்லி. கம்பாசிட்டர் கோமதிநாயகம் எழுத்துப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கி ஒரு கும்பிடு போடுகிறார். அன்றைக்கு அவ்வளவுதான். அடுத்த நிமிஷத்திலிருந்து அவர் வெறும் 'ஜி.என்.' "ஜி.என்., அந்த ஃப்ரூபை இப்படித் தாங்கோ." மறுநாள் காலையில் குடை மறுபடி ஆணிக்கு வரும்வரை அவர் முழு மனிதர் ஆவதில்லை.

முதலாளிக்கும் இதே கதிதான். ஃப்ரூப் படிக்கிற எனக்கும் அப்படியே. காலையில் ஒரு முழுப் பெயர், பிறகு நாள் பூராவும் இரண்டு எழுத்து.

எங்கள் அச்சகம் மாதுங்காவில் ஒரு மெஸ்ஸுக்குப் பின்புறம் இருக்கிறது. அங்கே ரசம் கொதித்தால் இங்கே ஃப்ரூபில் பெருங்காயம் மணக்கும். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், லாரி ஆபீஸ் பில் புத்தகம் இவற்றுக்கு நடுவே முதலாளி இனாயத்துல்லா சாகிப் ஆசைப்பட்டு ஒரு ரோடு கைடு போடுகிறார். பம்பாயிலிருந்து காரும் லாரியும் ஓட்டிப் போகிறவர்களுக்கான இங்கிலீஷ் புத்தகம். சட்டைப் பைக்குள் அடங்கும். எந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்புவது, எங்கே பெட்ரோல் கிடைக்கும், எந்தப் பாலத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதை எழுதிச் சீர்படுத்துகிறவர் மிஸ் கல்பகவல்லி. பாலக்காட்டுக் குடும்பம். செம்பூரில் தமையனார் வீட்டில் இருக்கிறார். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. நானும் வருகிற செம்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் சயான் வருவதற்குள் தூங்கிவிடுவார்.

போன பதிப்பில் நடந்த கூத்தை அவரைச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். பம்பாயிலிருந்து பெங்களூர் வழியாக மெட்ராஸ் போகிற ரோடு ஒன்றே ஒன்றுதான். இங்கே அதற்குப் பூனா ரோடு என்று பெயர். பூனாக்காரருக்கு அது சதாரா ரோடு. ஹூப்ளியில் பி.பி. ரோடு, பெங்களூரில் தும்கூர் ரோடு. சர்க்கார் நட்ட கல்லில் என்.எச். 4. எழுதிக் கொடுத்தவர்கள் அவரவர் ஊர் வழக்கப்படி எழுத, அத்தனை பெயரும் அப்படியே அச்சாகிவிட்டன. செம்பூர்ச் சந்தாதாரர் ஒருவர் ஹூப்ளியைத் தாண்டிக் காரை நிறுத்திவிட்டு, என்.எச். 4 எங்கே இருக்கிறது என்று மாட்டு வண்டிக்காரர்களை எல்லாம் விசாரித்திருக்கிறார். கார் நின்றதே அதன் மேல்தான்.

அன்று பிறந்தது விதி. "ஒரு ரோட்டுக்கு ஒரே பேராக்கும். நம்பரைச் சொல்லி, ரெண்டு கோடியையும் சொல்லி, முழுசா ஒரு தரம். அப்பறம் புஸ்தகம் முடியற வரைக்கும் நம்பர் மட்டும். கேட்டேளா?"

இதை நான் அவர் குரலிலேயே பேசிக் காட்டுவது உண்டு. ஒருநாள் பின்னால் நின்று முழுவதையும் கேட்டுவிட்டார். கோபமில்லை. "நான் 'ஆக்கும்'ங்கறதை அத்தனை இழுக்கறதில்லை. திருத்திக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், ஃப்ரூபில் ஒரு துணைக்கால் விட்டுப்போனதைச் சொல்கிற மாதிரி.

ஊர்வம்புக்கும் இதே விதிதான். "செம்பூர் நாலாவது ரோடு, போஸ்டாபீஸ் மாடி, ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் பஞ்சாபகேசன்" என்று ஒரு தரம் முழுதாக அறிமுகம் ஆகும். அதற்குப் பிறகு கதை முடிகிறவரை அவர் 'பி.' மட்டுமே. பி.யின் மாப்பிள்ளை, பி.யின் ரேடியோ, பி. வாங்காத பால். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. யார் அந்தப் பி. என்று கேட்டாலும் மறுபடி சொல்ல மாட்டார். ஒரு தரம் சொல்லியாகிவிட்டதே.

முதலாளிக்கு இந்த நம்பர் சமாசாரம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவர் மேலப்பாளையத்துக்காரர். காசு செலவாகிற விஷயம் என்றால் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசுவார். "ஏம்மா, லாரிக்காரன் நாசிக் ரோடுன்னு கேட்டுப் பழகினவன். நீங்க காலிபீலி, சும்மா வெறும் நம்பரை அடிச்சுக் கொடுத்தா அவன் அதைச் சால்னா ஊத்தியா திம்பான்?" என்பார். பழைய புத்தகத்தையே மறுபடி கோத்து அடித்துவிடலாம் என்பது அவர் கட்சி.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு லாரி டிரைவரைக் கூப்பிட்டுப் புதுப் பக்கங்களைக் கையில் கொடுப்பது. வழி கண்டுபிடித்தால் புதுப் புத்தகம், இல்லாவிட்டால் பழையது. ஒரு வருஷமாக மிஸ் கல்பகவல்லி ரோடு ரோடாகத் திருத்தியதெல்லாம் ஒரு டிரைவரின் வாயில் வந்து நின்றது.

அந்த டிரைவர் வெயிலுமுத்து. தாராவியில் கோமதிநாயகத்தின் பக்கத்து வீட்டுக்காரர். மெட்ராஸ் பக்கம் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவார். வடக்கே போனதில்லை. அந்த வாரம்தான் முதன்முதலாக இந்தூருக்குப் பாரம் ஏற்ற ஒப்புக்கொண்டிருந்தார். இங்கிலீஷில் ஊர்ப் பெயர்களைக் கூட்டிப் படித்துவிடுவார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வந்தார். "ஜி.என்., அவருக்கு நாற்காலி போடுங்கோ" என்றார் மிஸ் கல்பகவல்லி. ஜி.என். என்பது யார் என்று வெயிலுமுத்து அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் கோமதிநாயகம் நாற்காலியைத் தூக்கி வந்தபோது அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

தைத்து வைத்திருந்த ஃப்ரூபை வாங்கி, கட்டைவிரலை நாக்கில் தொட்டு, நடுவில் பிரித்தார். தூலியாப் பக்கம். அங்கே இரண்டு பெரிய ரோடுகள் குறுக்கே வெட்டுகின்றன என்று லாரிகள் கூடுகிற நாக்காவில் யாரோ அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பக்கத்தில் என்.எச். 3 என்றும் என்.எச். 6 என்றும் சுத்தமாக இருந்தது. அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, இதில் இந்தூருக்குப் போவது எது என்று கேட்டார்.

முதல் பக்கத்தில் முழுப் பெயர் போட்டிருக்கிறதே என்றார் மிஸ் கல்பகவல்லி.

"முதப் பக்கம் பம்பாய்லல்லா இருக்கு" என்றார் வெயிலுமுத்து. "நான் தூலியாவுல நிக்கேன்மா."

முதலாளி சிரித்துவிட்டார். பழைய புத்தகத்தைக் கோக்க ஆரம்பிக்கும்படி கோமதிநாயகத்திடம் சொல்லிவிட்டு எழுந்தார். வெயிலுமுத்துவுக்குத்தான் சங்கடம். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டதாக என்னவோ முனகினார். அவர் கண்ணாடியே போடுவதில்லை என்று கோமதிநாயகம் பிறகு சொன்னார்.

மிஸ் கல்பகவல்லி அவருடைய கட்டைவிரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லை" என்றார். "எல்லாரும் பம்பாய்லேர்ந்தே வாசிச்சுண்டு வருவான்னு நான்தான் நினைச்சுண்டுட்டேன்." பழைய புத்தகத்தை மறுநாள் காலை வரை தொட வேண்டாம் என்று மட்டும் முதலாளியிடம் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் தூலியாப் பக்கம் வேறு மாதிரி வந்தது. உச்சியில் ஒரு வரி: என்.எச். 3, பம்பாய்–ஆக்ரா, இந்தூர் வழி. அதன் கீழே இன்னொன்று: என்.எச். 6, தூலியா–கல்கத்தா, நாகபுரி வழி. அதற்குக் கீழே பழையபடி நம்பர் மட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இப்படி, அந்தப் பக்கத்தில் வருகிற ரோடுகளுக்கு ஒரு தரம் முழுப் பெயர்.

ஆனால் இடம் வேண்டுமே. கூடுதல் காகிதம் என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று முதலாளி கண்ணை மூடினார். மிஸ் கல்பகவல்லி அளவுகோலைப் பக்கத்தின் மேல் ஓரத்தில் வைத்தார். அங்கே ஒரு பூ வரிசை ஓடியது. முதலாளி அச்சகம் தொடங்கியபோது மெட்ராஸிலிருந்து ஆசையாக வாங்கி வந்த பூ எழுத்து. கல்யாணப் பத்திரிகை முதல் லாரி பில் வரை அந்தப் பூ இல்லாமல் எங்கள் அச்சகத்திலிருந்து ஒரு காகிதம் வெளியே போனதில்லை.

முதலாளியின் கண் திறந்தது. "பூவை எடுத்தா பொஸ்தகம் மொட்டையாப் போயிரும்மா."

"மேல இருக்கறதை மட்டும் எடுத்தாப் போறும். கீழப் பூ அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்."

அவர் பூவைப் பார்த்தார், அளவுகோலைப் பார்த்தார். டிரைவர் இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு இந்தூரைக் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும், பிறகு பூவைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டார். வெயிலுமுத்து அந்த ஃப்ரூபை லாரியின் முன்கண்ணாடியில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் திரும்பி வருகிறவரை மிஸ் கல்பகவல்லியிடம் நான் கண்ட வித்தியாசம் ஒன்றுதான். செம்பூர் பஸ்ஸில் தூங்குவதை நிறுத்திவிட்டார். சயானில் திருப்பம் வந்தால் கழுத்தை நீட்டி, கைகாட்டிப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தார்.

ஒரு பிற்பகல் வாசலில் வெயிலுமுத்து நின்றார். கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம். இந்தூர் சேவ். அந்த ஊரில் காலையிலேயே அவலில் சேவைப் போட்டுத் தின்கிறார்கள் என்று ஆரம்பித்து, அங்கே குடித்த பால் வரைக்கும் சொன்னார். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. ரோடு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ரோடா? அது பாட்டுக்குப் போவுது முதலாளி. மேல பேரு போட்டிருக்குல்லா" என்றார் வெயிலுமுத்து. அடுத்த மாதம் நாகபுரிக்குப் பாரம் இருக்கிறதாம். அந்தப் பக்கமும் ஒன்று வேண்டுமாம்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். "மேல் பூவை எடுத்துரும்வே" என்றார் கோமதிநாயகத்தைப் பார்த்து.

மிஸ் கல்பகவல்லி சேவ் பொட்டலத்தை வாங்கி மேஜையில் வைத்தார். காலையில் சொல்ல வேண்டிய முழுப் பெயரைச் சொல்லி முடித்துப் பாதி நாள் ஆகியிருந்தது. வாசலில் நின்றவரை ஒரு தரம் பார்த்தார். பிறகு அறையின் அந்தக் கோடிக்குத் திரும்பி, "மிஸ்டர் கோமதிநாயகம்" என்று முழுதாகக் கூப்பிட்டார். கோமதிநாயகம் திடுக்கிட்டு ஆணியைப் பார்த்தார். குடை காலையில் மாட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

"மிஸ்டர் வெயிலுமுத்துவுக்கு ஒரு நாற்காலி போடுங்கோ."