ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

எங்கள் பகுதியில் பெண் யாராவது மௌத்தானால், அடக்குவதற்கு முன் மையித்தைக் குளிப்பாட்ட என்னையும் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடம் அந்த வேலைக்குப் போனேன். நாலு பேர் நடுவில் நின்று கதைக்க எனக்கு வராது. கலியாண வீடுகளில் சமையல் பக்கமே நின்றுவிட்டு வந்துவிடுவேன். குளிப்பாட்டும் இடத்தில் கதவைச் சாத்தியபின் மூன்று நான்கு பெண்கள்தான் இருப்போம். அதிகம் கதைக்கத் தேவையில்லை. அங்கே கண்ட எதையும் வெளியே சொல்லவும் கூடாது. உடம்பைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது எனக்கு அப்படியே பழகிப்போனது.

அந்த வேலையில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. குளிப்பாட்டும்போது முதலில் மையித்தைப் பாதி இருத்தி, வயிற்றை மெதுவாகத் தடவிக் கழிவை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருத்தி தன் வலது கையை மையித்தின் தோள்களுக்குப் பின்னால் கொடுத்து, பெருவிரலைப் பிடரிக் குழியில் வைத்து, தலை சாயாமல் தாங்கிக்கொள்வாள். இடது கையால் வயிற்றைத் தடவுவாள். எத்தனையோ பேரை நான் அப்படித் தாங்கியிருக்கிறேன்.

உம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து எனக்கும் ராத்தாவுக்கும் வீடு கட்டித் தந்தார்கள். ராத்தா என் கூடப்பிறந்தவர், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. கொழும்புக்குப் பல தடவை போய் வந்தார். கடைசியில், இனி நோவுக்கு மட்டும்தான் மருந்து என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்த மறுநாள் பின்னேரம் அவருடைய கால்மாட்டில் இருந்தேன்.

"நீதான் என்னத் தாங்கோணும்கா," என்றார். "வேற ஆக்கள்ற கை எனக்கு வாணா."

"அப்பிடிக் கதைக்காதங்க ராத்தா."

"கதைக்காம உட்டா மௌத்து வராதா? சாச்சிய மட்டும் என்ட தலமாட்டுல உட்டுராத. அவ என்ட காதுக்குள்ள ஊர்க்கதை முழுக்கச் செல்லுவா. நான் ஒழும்பி ஓடிருவன்."

சாச்சி என்பது எங்களோடு குளிப்பாட்ட வரும் ஒரு பெரிய உருவமான பெண். சொந்தமில்லை, எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். கை பலமும் வாய் பலமும் உள்ளவர். நானும் சிரித்துவிட்டு, "ஓம் ராத்தா, நான்தான் தாங்குவன்," என்று சொன்னேன்.

அந்த மாரியில்தான் விழுந்தேன். கிணற்றடிச் சீமெந்தில் பாசி பிடித்திருந்தது. வாளியோடு வழுக்கி, வலது கையை ஊன்றினேன். தோள் மூட்டு விலகிவிட்டது. கை எனக்குச் சொந்தமில்லாத ஒன்றைப் போலத் தொங்கியது. மருமகன் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஓர் இளம் டாக்டரும் இன்னொருவரும் சேர்ந்து கையை இழுத்து மூட்டைப் போட்டார்கள். உள்ளே எதுவோ டொக்கென்று விழுந்தது. நோவு பாதி குறைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எழுத வேண்டும். என் அபாயாவின் கையைத் தோள் வரைக்கும் சுருட்டி விட்டிருந்தார்கள். கட்டிலைச் சுற்றியிருந்த திரை முழுதாக மூடவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஆம்பிளைகள் நின்றார்கள். அந்த டாக்டர் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து என் மேல்கையின் வெளிப்பக்கத்தில், தோளுக்குக் கொஞ்சம் கீழே தொட்டார்.

"இந்த இடத்தில தொடுறது விளங்குதா அம்மா?"

"ஓம்," என்றேன்.

"மற்றக் கையில மாதிரியே விளங்குதா?"

"ஓம்."

அவர் எழுதிக்கொண்டார். நான் பஞ்சைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தோலில் படுவது தெரிந்தது, அதனால் ஓம் என்றேன். உண்மையில் விளங்குகிறதா என்று நான் யோசிக்கவே இல்லை. கேள்வி முடிந்து சுருட்டிய அபாயாக் கை கீழே இறங்கினால் போதும் என்றிருந்தது.

மூன்று கிழமை கையைக் கழுத்தோடு கட்டிவைத்திருந்தார்கள். அவிழ்த்த பிறகும் கை எழும்பவில்லை. கட்டிக் கிடந்த கை அப்படித்தான் இறுகும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். கிளினிக்கில் எப்படி என்று கேட்டபோது, பரவாயில்லை என்றேன். வெளியே வரிசையில் நாற்பது பேர் இருந்தார்கள்.

ராத்தா படுத்திருந்தபடியே என்னைப் பக்கத்தில் இருத்தி, பின்னேரங்களில் என் தோளுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்தார். "நோவுதா?" என்று கேட்பார். "இல்ல ராத்தா," என்பேன். அல்ஹம்துலில்லாஹ் என்பார். நோவில்லாதது சுகம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். அவருடைய விரல்கள் ஒரு தடித்த துணிக்கு மேலால் தேய்ப்பதைப் போலிருக்கும். எண்ணெயால் அப்படி என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு நாள் அவருடைய கை நின்றது.

"இஞ்ச சதை எங்ககா? என்ட தோளப் போல இரிக்கி. இந்த ஊட்டுல சீக்காளி நானா நீயா?"

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். இடது தோள் உருண்டையாக இருந்தது. வலது தோளில் அந்த உருண்டை இல்லை. எலும்பின் விளிம்பு மேசை மூலை மாதிரித் துருத்திக்கொண்டு நின்றது.

நான்காவது மாதம் என்னைப் பயிற்சி கொடுக்கும் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் காரைதீவைச் சேர்ந்த ஓர் இளம் பெண். மிஸ் என்று கூப்பிடுவோம். கதவைக் கொளுவிவிட்டுத் தோளைப் பார்த்தார்.

"அக்கா, கண்ண மூடிக்கொள்ளுங்க. நான் தொடக்குள்ள ஓம் எண்டு சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. வெளியே யாரோ நம்பர் கூப்பிட்டார்கள். நெடுநேரம் ஆனது.

"நீங்க இன்னும் தொடல்லையே மிஸ்," என்றேன்.

"நான் நாலு தரம் தொட்டிட்டன் அக்கா."

கண்ணைத் திறந்தேன். அவருடைய விரல் என் தோளுக்குக் கீழே, டாக்டர் பஞ்சால் தொட்ட அதே இடத்தில் இருந்தது.

பிறகு என் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் படம் கீறி விளங்கப்படுத்தினார். தோள் மூட்டு என்பது ஒரு சின்னத் தட்டில் வைத்த பெரிய பந்து. அது விழாமல் இருப்பது சுற்றியுள்ள தசைகளால். தோள்பட்டை எலும்பிலிருந்து வருகிற நாலு சின்னத் தசைகள் பந்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றில் மேலே இருக்கிற ஒன்று கையைப் பக்கவாட்டில் கொஞ்சம் எழுப்பிவிடும். அதற்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு போவது, தோளை மூடியிருக்கிற டெல்டோயிட் என்ற பெரிய தசை. முன்னுக்கு, நடுவில், பின்னுக்கு என்று அதற்கு மூன்று பங்கு. அதைவிட, தோளைக் காது வரைக்கும் உயர்த்துகிற தசை வேறு.

"ஒவ்வொண்டுக்கும் தனித்தனியா நரம்பு வருது. தோள உயர்த்துறதுக்கு வாறது தலைக்குள்ள இருந்து வரும். அது உங்களுக்கு நல்லாயிருக்கு, அதாலதான் தோளைத் தூக்கித் தூக்கிச் சமாளிக்கிறீங்க. மற்றதெல்லாம் கழுத்தில இருந்து கட்டாக் கீழ வருது. டெல்டோயிட்டுக்குப் போறது அக்குளுக்குள்ளால வந்து, கை எலும்பிட கழுத்தச் சுத்திப் பின்னால போகுது. பந்து தட்டை விட்டு விழக்குள்ள அதுதான் இழுபடும்."

பேனையால் அந்தக் கோட்டை இன்னொரு முறை தடித்துக் கீறினார்.

"அந்த நரம்புதான் இந்த உள்ளங்கையளவு தோலுக்கும் உணர்ச்சி குடுக்கிறது. அதாலதான் முதல் நாளே இஞ்ச தொட்டுப் பாப்பாங்க. உங்களுக்கு ஒருத்தரும் பாக்கல்லையா?"

"பாத்தாங்க."

"என்ன சொன்னீங்க?"

"ஓம் எண்டு சொன்னன்."

மிஸ் பேனையை மூடினார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நரம்புச் சோதனைக்கு வெளியூருக்குப் போனேன். ஊசி குத்திக் கரண்ட் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பு முழுதாக அறுபடவில்லை, தானாக முளைத்து வரக்கூடும் என்று அந்த டாக்டர் சொன்னார். முதலிலேயே தெரிந்திருந்தால் அன்றிலிருந்தே கவனித்து, பயிற்சியும் தொடங்கி, தேவைப்பட்டால் நேரத்தோடு ஒப்பரேஷனும் யோசித்திருக்கலாம் என்றார். இப்போது இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நாள் என்று மிஸ்ஸிடம் கேட்டேன். அறுந்த நரம்பு இழை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும், அதுவும் எல்லாம் சரியாகப் போனால், என்றார். வீட்டில் மகள் பள்ளிக்கூடக் காலத்தில் கோடு கீறிய அடிமட்டத்தை எடுத்து அக்குளின் பின்பக்கத்திலிருந்து தோளின் முன்பக்கம் வரைக்கும் வைத்துப் பார்த்தேன். ஒரு சென்றிமீட்டருக்குப் பத்து நாள். அந்த நாட்களில் ராத்தா சோற்றை விட்டுக் கஞ்சிக்கு வந்திருந்தார்.

தொழுகையில் தக்பீருக்குக் கையை உயர்த்தினால் இடது கை காதடிக்கு வரும். வலது கை நெஞ்சோடு நிற்கும். பயிற்சியை ஒரு நாளும் விடவில்லை. சுவரில் விரல்களால் ஏறுவேன். இடது கையால் வலது கையைத் தூக்குவேன். ராத்தா ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார்.

"கை எப்பிடிகா?"

"சரியாகுது ராத்தா."

"அப்ப நான் அவசரப்படாம இரிக்கன்," என்பார்.

கொஞ்ச நாளில் கஞ்சியும் நின்றது. கரண்டியால் தண்ணீர் மட்டும். அந்தக் கிழமைதான் மிஸ் என் தோளில் விரலை வைத்துக்கொண்டு, தூக்கப் பாருங்கள் என்றார். கை எழும்பவில்லை. ஆனால் தோலுக்குக் கீழே ஏதோ ஒன்று இலேசாகத் துடித்தது. "வருது அக்கா, வருது," என்றார் அவர். நான் அடிமட்டத்தைத்தான் நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை முற்பகல் ராத்தா மௌத்தானார். ளுஹர் தொழுகைக்குப் பிறகு குளிப்பாட்டினோம். ராத்தாவின் மகள், சாச்சி, நான், இன்னும் ஒரு பெண். சாச்சி என் தோளைப் பார்த்தார்.

"உனக்கு ஏலுமா புள்ள?"

"ஏலும்."

"ஏலாட்டி செல்லு. ஒண்டுமில்ல."

"ஏலும் சாச்சி."

கையை ராத்தாவின் தோள்களுக்குப் பின்னால் கொடுத்தேன். முழங்கைக்குக் கீழே எனக்கு எந்தக் குறையும் இல்லை. விரல்கள் பிடித்தன. பெருவிரல் பிடரிக் குழியில் சரியாக இருந்தது. ராத்தாவில் பாரம் என்று ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. இடது கையாலும் சேர்த்துத் தூக்கி, பாதி இருத்தினேன். பிறகு வயிற்றைத் தடவ இடது கையை எடுத்தேன். எடுத்ததும் வலது கை தன் பாட்டில் கீழே போனது. நோகவில்லை, அதனால் எனக்கு முன்கூட்டித் தெரியவும் இல்லை. ராத்தாவின் தலை பலகையில் பட்டது.

சின்னச் சத்தம்தான். ஆனால் மையித்துக்கு நோகக் கூடாது என்று நாங்கள் ஊற்றும் தண்ணீரைக்கூடக் கையில் விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவோம்.

சாச்சியின் கை உடனே தலைக்குக் கீழே போய்விட்டது. "இஞ்சால வா புள்ள. நீ தண்ணி ஊத்து," என்று மெதுவாகச் சொன்னார். ராத்தாவின் மகள் என்னை ஒரு முறை பார்த்தாள். ராத்தா என்னிடம் கேட்டது அவளுக்கும் தெரியும். பிறகு வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் இடது கையால் தண்ணீர் ஊற்றினேன். சாச்சி ராத்தாவைத் தாங்கியிருந்தார். குளிப்பாட்டி முடியும்வரை வாய் திறக்கவில்லை. தலை ஒரு பக்கமும் சாயவில்லை. அவருடைய கை முரடு என்று நானும் ராத்தாவும் எத்தனை வருடம் சிரித்திருக்கிறோம். என்னைவிட அவர்தான் நன்றாகத் தாங்கினார்.

அன்று நான் சாச்சிக்கு "ஏலாது" என்று சொல்லியிருக்கலாம். அவர் இரண்டு தரம் கேட்டார். அதை நினைக்காத நாள் இல்லை.

ராத்தாவின் நாற்பதாம் நாள் கழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோளில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. மிஸ் சொன்னபடி கையைப் பக்கவாட்டில் உயர்த்தினேன். தோள் மட்டத்துக்கு வந்து நின்றது. கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்த்தார். மங்கலாகத் தெரிந்தது, மற்றக் கை மாதிரி இல்லை என்று சொன்னேன். மிஸ்ஸுக்குச் சந்தோசம். இவ்வளவு வரும் என்று தானே எதிர்பார்க்கவில்லை என்றார். ஒரு சின்ன மணல் பையை எடுத்து என் கையில் தந்தார்.

"இனிப் பாரம் தூக்கப் பழகுவம் அக்கா. இந்தக் கை உங்களுக்கு என்ன வேலைக்கு வேணும் எண்டு சொல்லுங்க. அதுக்கு ஏத்த மாதிரிப் பயிற்சி தாறன்."

ராத்தாவுக்குப் பிறகு, குளிப்பாட்ட வரச்சொல்லி இரண்டு வீட்டிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். இரண்டுக்கும் நான் போகவில்லை.

"தேங்காய் துருவ, உடுப்புக் காயப்போட," என்றேன். "அவ்வளவுதான் மிஸ்."

அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.